ஆயுத பூஜைக்கு மறுநாள் முதல் பஸ்

பஸ் வராவிட்டால் சனங்கள் டிரைவரைத் திட்டுவார்கள். வந்துவிட்டால் கண்டக்டரைத் திட்டுவார்கள். டிப்போவை யாரும் திட்டுவதில்லை. டிப்போ என்று ஒன்று இருப்பதே பலருக்கு ஞாபகமில்லை. பஸ் என்னவோ காலையில் தானாக முளைத்து ரோட்டுக்கு வருகிறது என்று நினைப்பு. இருபத்தாறு வருடம் ஒரு டிப்போவில் டைம்கீப்பராக இருந்தவன் நான். எந்த பஸ் எத்தனை மணிக்கு வெளியே போனது, எத்தனை மணிக்குத் திரும்பியது என்று எழுதுவது என் வேலை. அதனால் எனக்கு இந்த விஷயத்தில் கொஞ்சம் கோபம் உண்டு.

எங்கள் டிப்போ வட்டகொடைக்கும் கொத்மலைக்கும் நடுவில் ஒரு பள்ளத்தில் இருக்கிறது. பெயரை எழுதமாட்டேன். எழுதினால் அங்கே இன்னும் வேலை செய்கிறவர்கள் என்னோடு முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். முன்னால் பஸ் கழுவுகிற மேடை, நடுவில் ஆள் இறங்கி வேலை பார்க்கும் குழி, பக்கத்தில் ஸ்டோர். பின்னால் வேலி ஓரமாக ஆறு செத்த பஸ்கள். வேலிக்கு அப்பால் தேயிலை. மழை நாளில் யார்டு முழுக்க ஒயிலும் சேறும் கலந்து கிடக்கும், செருப்பு போட்டவன் விழுவான், செருப்பில்லாதவன் வழுக்குவான்.

நான் சொல்லப்போவது ஜீவராணியைப் பற்றி. ஊசிமலைத் தோட்டத்து மேல் டிவிசனில் லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள். ஐந்து வருடம் தேயிலையில் கொழுந்தெடுத்தாள். கல்யாணம் முடிந்து, புருஷன் கொழும்பில் கடை வேலைக்குப் போய், வருடத்தில் இரண்டு தடவை வந்து போகிற விருந்தாளியான பிறகு, மகள் ஷாமிலாவைத் தூக்கிக்கொண்டு டவுனுக்கு வந்தாள். டிப்போவில் பஸ் கழுவ ஆள் கேட்டார்கள். வந்து சேர்ந்தபோது அவளுக்கு இருபத்தேழு வயது. நான் சொல்லும் சம்பவம் நடக்கும்போது நாற்பத்தொன்று. பதினான்கு வருடமாகத் தற்காலிகம். நிரந்தரமாக்கும் பட்டியல் வரும் வரும் என்று மூன்று தடவை வந்து, மூன்று தடவையும் அவள் பெயர் இல்லாமல் போனது. நாலாவது பட்டியலில் பெயர் இருந்தது. நவம்பரில் கடிதம் கையில் கிடைக்கும் என்றார்கள்.

ஸ்டோர்காரர் ஓய்வு பெற்ற பிறகு அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. சாவி போர்மன் செல்லசாமியிடம், வேலை ஜீவராணியிடம் என்று ஆனது. அவளுக்கு அது பிடித்த வேலை. எதையும் தூக்கி எறிய மனம் வராது அவளுக்கு. தேய்ந்த வைப்பர் ரப்பரை அவரைக் கொடி கட்ட எடுத்துப் போவாள், உடைந்த கண்ணாடித் துண்டில் பொட்டு வைப்பாள். ஒரு பழைய கியர் கம்பியைக் கழுவிக்கொண்டே, இத்தனை நாள் எத்தனை பேரை ஏற்றினாயோ என்று அதோடு பேசிக்கொண்டிருந்ததை நானே கேட்டிருக்கிறேன். கேலி செய்தேன். சிரித்துவிட்டுத் தொடர்ந்து பேசினாள்.

இப்போது ரப்பரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பஸ்களுக்குக் காற்று பிரேக். டிரைவர் பெடலை மிதித்தால் காற்று வந்து ஒரு வட்ட ரப்பரைத் தள்ளும், அந்த ரப்பர் ஒரு கம்பியைத் தள்ளும், கம்பி போய் சக்கரத்தைப் பிடிக்கும். அந்த ரப்பருக்கு டயப்ரம் என்று பெயர். அது கிழிந்தால் காற்று வெளியே போய்விடும், அந்தச் சக்கரம் பிடிக்காது. இறக்கத்தில் நாலைந்து தடவை மிதித்தால் டாங்கியில் இருக்கும் காற்றும் காலி. புது ரப்பர் வேண்டும் என்றால் பழையதைக் காட்ட வேண்டும் என்பது சட்டம். அதனால் வெடித்த ரப்பரையும் எறியாமல் வைத்திருப்போம். நாட்டில் டொலர் தட்டுப்பாடு வந்ததிலிருந்து பழையதைக் காட்டினாலும் புதியது வருவதில்லை. செல்லசாமி செத்த பஸ்களைக் கழற்றி, அதில் உருப்படியாக இருந்த ரப்பர்களை எடுத்து ஓடுகிற பஸ்களுக்குப் போட்டார். அப்படித்தான் இரண்டு வருடம் ஓட்டினோம். யாரும் செத்துப் போகவில்லை. அதனால் யாரும் கேட்கவுமில்லை.

வெடித்த ரப்பரில் செல்லசாமி சோக்கட்டியால் பெரிதாக ஒரு குறுக்குக்கோடு போட்டு அடித்தட்டில் வைப்பார். முன்பு சிவப்புப் பெயின்ட் இருந்தது. டப்பா காய்ந்து ஒரு வருடமாகிறது.

ஒக்டோபர் மாதம் ஆயுத பூஜை வந்தது. எங்கள் டிப்போவில் சிங்கள ஆட்கள் பாதி, நாங்கள் பாதி. பூஜைக்கு எல்லோரும் வருவார்கள். பஸ்ஸைக் கழுவி மாலை போட்டு, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து, ஸ்டோரில் சாமிப் படத்துக்கு முன் வெள்ளைத் துணி விரித்து, சாமான்களை அடுக்கி, சந்தனம் குங்குமம் வைப்போம். உருப்படியான சாமான் மட்டும்தான் துணிக்கு வரும். அன்று சாயங்காலம் வைத்ததை மறுநாள் காலையில் திரும்பவும் கற்பூரம் காட்டிய பிறகுதான் எடுக்க வேண்டும். அப்படி முதலில் எடுக்கிற சாமானை அன்றைக்கே வேலையில் போட வேண்டும். அது வருடம் முழுக்க வேலையைக் காப்பாற்றும் என்று ஒரு நம்பிக்கை. நான் நம்பினேனா என்று கேட்காதீர்கள். நானும் என் பேனையை வைத்திருந்தேன்.

அந்த வருடம் அடுக்குகிற வேலை முழுக்க ஜீவராணிக்கு வந்தது. இரண்டு நாள் உட்கார்ந்து ஸ்டோரில் இருந்த அத்தனையையும் கழுவினாள். இரும்பை மண்ணெண்ணெயில், ரப்பரைச் சவுக்காரத் தண்ணியில். கழுவி முடித்து அடுக்கும்போது, அடித்தட்டில் கிடந்ததை மட்டும் விட்டுவிட அவளுக்கு மனம் வரவில்லை. இவையும் உழைத்தவைதானே, ஒரு நாள் பொட்டு வைத்துக்கொண்டு இருக்கட்டும் என்று நினைத்தாளாம். தேய்ந்த பிரேக் கட்டை, வளைந்த கம்பி, எல்லாம் துணிக்கு வந்தன. டயப்ரம் இரண்டு. ஒன்று நல்லது, ஒன்று உள்மடிப்பில் மயிரிழை மாதிரி வெடித்தது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில், இரண்டிலும் சந்தனம், இரண்டிலும் குங்குமம். சோக்கட்டிக் கோடு சவுக்காரத் தண்ணியோடு போய்விட்டது. அது அவளுக்குத் தெரியும். எது எது என்று தன் கைக்குத் தெரியும், காலையில் நானேதானே எடுத்து வைக்கப்போகிறேன் என்று இருந்துவிட்டாள்.

மறுநாள் காலை ஐந்தே காலுக்கு டிரைவர் சிவசாமி எண்பத்துநாலு நம்பர் பஸ்ஸை ஸ்டார்ட் செய்தார். முன்னால் இடது சக்கரத்தில் காற்று சீறியது. அது ஊசிமலைக்குப் போகிற முதல் பஸ். மேல் டிவிசன் வரை ஏறி, ஏழே காலுக்குப் பாடசாலைப் பிள்ளைகளையும் டவுனுக்கு வேலைக்கு வருகிறவர்களையும் ஏற்றிக்கொண்டு இறங்கும். பதினொரு வளைவு, கீழே பாலம். செல்லசாமி ஸ்டோரைத் திறந்தார், அவசரமாக ஒரு கற்பூரத்தைக் கொளுத்தினார், மெக்கானிக் ரொஷானிடம் துணியிலிருந்து ரப்பரை எடுக்கச் சொன்னார். ரொஷான் வேதக்காரப் பையன், சர்ச்சுக்குப் போகிறவன், முப்பது வயது, கைச்சுத்தமான வேலைக்காரன். முதல் சாமான் இது, நல்ல சகுனம் என்று செல்லசாமி சொல்ல, அவன் கையில் அகப்பட்டதை எடுத்தான். பூஜைத் துணியில் கெட்ட சாமான் இருக்கும் என்று எந்த மெக்கானிக் நினைப்பான்? இருட்டு. குங்குமம் மடிப்புக்குள் இறங்கி அப்பியிருந்தது. பூட்டி, காற்று ஏற்றி, பெடலை மிதித்துப் பார்த்தார்கள். பிடித்தது. ஐந்து ஐம்பத்தைந்துக்கு எண்பத்துநாலு வெளியே போனது. என் கையால்தான் எழுதினேன்.

ஜீவராணி ஆறரைக்கு வந்தாள். ஸ்டோர் திறந்து கிடந்தது. துணியில் ஒரு டயப்ரம் இல்லை. இருந்ததை எடுத்து விரலால் மடித்துப் பார்த்தாள். வெடிப்பு இல்லை. இன்னொரு தடவை, வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து மடித்துப் பார்த்தாள். நல்லது இங்கே இருந்தது.

செல்லசாமியிடம் போனாள். அவர் முகம் போன போக்கை அவள் பிறகு எனக்குச் சொன்னாள். சத்தம் போடாதே என்றாராம். ஏறும்போது பிரேக்குக்கு வேலை இல்லை, இறங்கும்போது சிவசாமி கியரில் இறங்குகிற ஆள், எட்டரைக்கு வந்துவிடும், வந்ததும் நானே கழற்றி மாற்றுகிறேன் என்றார். வெளியே தெரிந்தால் ரொஷானுக்கு வேலை போகும், எனக்குப் போகும், உனக்கு நவம்பர் கடிதம் வராது என்றும் சொன்னார். கெட்ட மனிதரில்லை செல்லசாமி. கையில் ஒன்றுமில்லாமல் இருபத்திரண்டு பஸ்ஸை இரண்டு வருடம் ஓடவைத்தவர். அன்று அவர் மூளை அவ்வளவுதான் வேலை செய்தது.

ஜீவராணி திரும்பிப் போய் வாளியை எடுத்தாள். பஸ் கழுவினாள். ஆமாம், கழுவினாள். பத்து நிமிஷம். இந்தப் பத்து நிமிஷத்தை நான் விட்டுவிட்டு எழுதியிருக்கலாம், அவளே விட வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஒரு பஸ்ஸின் ஒரு பக்கத்தை முழுக்கத் தேய்த்துக் கழுவினாளாம், பிறகு பார்த்தால் தண்ணீர்க் குழாயைத் திறக்கவே இல்லையாம். வெறும் பிரஷ்ஷால் சேற்றைத் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஆறு ஐம்பதுக்கு என் ஜன்னலுக்கு வந்தாள்.

"அண்ணே, எம்பத்துநாலுல போட்டிருக்கிறது வெடிச்ச ரப்பரு. நாந்தான் கழுவி வச்சேன். அத எறங்க விடாதீங்க."

நான் என்ன செய்தேன் தெரியுமா? மணியைப் பார்த்தேன். புத்தகத்தைப் பார்த்தேன். செல்லசாமிக்குத் தெரியுமா என்று கேட்டேன். போர்மனுக்குத் தெரிந்த விஷயத்தில் டைம்கீப்பர் தலையிடலாமா என்று யோசித்தேன். எனக்கு ஓய்வுக்கு ஒரு வருடம் இருந்தது. வெட்கக்கேடு, ஆனால் நடந்தது அதுதான். பிறகு சிவசாமிக்குப் போன் எடுத்தேன். ஊசிமலையில் எந்தப் போனும் வேலை செய்யாது என்று எனக்குத் தெரியும், தெரிந்துகொண்டே மூன்று தடவை எடுத்தேன். தோட்டத்து ஒபிசுக்கு எடுத்தேன், யாரும் தூக்கவில்லை. அந்த நேரத்தில் அங்கே எல்லோரும் பெரட்டுக்குப் போயிருப்பார்கள், பேர் கொடுத்து வேலை பிரிக்கிற நேரம். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கை ஈரமில்லாமல் சேறாக இருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

வாசலில் ஒரு ஓட்டோ நின்றது. இரண்டு பேரும் ஏறினோம். மணி ஆறு ஐம்பத்தைந்து.

கதையாக இருந்தால் அவளுடைய மகள் ஷாமிலா அந்த பஸ்ஸில் இருந்திருப்பாள். இருக்கவில்லை. அவள் டவுனில் வாடகை அறையில் தலை சீவிக்கொண்டிருந்தாள். அந்த பஸ்ஸில் ஜீவராணியின் சொந்தம் என்று ஒருவரும் இல்லை. வழியெல்லாம் அவள் ஒரு வார்த்தைதான் திரும்பத் திரும்பச் சொன்னாள். இன்னும் பஸ்ஸை எடுத்திருக்கமாட்டார், இன்னும் எடுத்திருக்கமாட்டார்.

முதல் நாள் ராத்திரி மழை. பாலத்தைத் தாண்டி இரண்டு வளைவு ஏறினோம். மூன்றாவதில் மண் சரிந்து கிடந்தது. பஸ் ஏறிப்போன தடம் இருந்தது, ஓட்டோவின் சின்னச் சக்கரம் அதில் இறங்கிப் புதைந்துவிட்டது. நானும் ஓட்டோக்காரனும் தள்ளினோம். சேறுதான் எங்கள் மேல் வந்தது. ஏழு பத்து. ரோட்டால் நடந்தால் மேலே போக முக்கால் மணி ஆகும். அதற்குள் பஸ்ஸே எங்களை நோக்கி இறங்கிவந்தாலும் உதவியில்லை. இறக்கத்துக்குள் வந்துவிட்ட பஸ்ஸை நிறுத்து என்று சொன்னால் அந்த டிரைவர் எதை மிதித்து நிறுத்துவார்? மேலே, கிளம்புவதற்கு முன்னால் பிடிக்க வேண்டும்.

ஜீவராணி செருப்பைக் கழற்றி ரோட்டில் போட்டாள். சீலையை முழங்காலுக்கு மேல் இழுத்துச் செருகினாள். தேயிலைக்குள் நேராக ஏறினாள்.

அது ஏழாம் நம்பர் மலை. அவள் கொழுந்தெடுத்த இடம். நாங்கள் ரோடு என்று சுற்றிச் சுற்றிப் போவதை அந்த ஆட்கள் செங்குத்தாக ஒரே பாதையில் ஏறி இறங்குவார்கள். எங்கே கால் வைக்கலாம், எந்த இடத்தில் கான் வெட்டியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். தண்ணீர் ஓட வெட்டிய அந்தக் கான்களில் விழுந்தால் கால் முறியும். கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சைக்குள் அவள் தலை தெரிவதும் மறைவதுமாக இருந்தது. மேலே, வெகு தூரத்தில், எண்பத்துநாலின் கூரை தெரிந்தது. அசையாமல் நின்றது. எனக்குக் கும்பிடத் தோன்றியது, கும்பிட்டேன்.

பெரட்டு முடிந்து பெண்கள் இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு மலைக்கு வந்துகொண்டிருந்தார்கள். பாதி ஏறியதும் ஜீவராணிக்கு மூச்சு முட்டியிருக்கிறது. நின்று மேலே பார்த்துக் கத்தினாள், பஸ்ஸை நிறுத்தச் சொல்லுங்கள் என்று. மலையில் ஒரு பழக்கம் உண்டு. கீழேயிருந்து ஒருத்தி கூப்பிட்டால், கேட்டவள் அடுத்த நிரைக்குக் கூப்பிடுவாள், அவள் அதற்கு மேலே கூப்பிடுவாள். சொன்ன சொல் மாறாமல் மேலே போய்ச் சேரும். அன்றும் போய்ச் சேர்ந்தது. பஸ்ஸ நிப்பாட்டுங்க, பஸ்ஸ நிப்பாட்டுங்க என்று மலை முழுக்கக் குரல். கீழே நின்ற எனக்கே கேட்டது.

சிவசாமிக்கும் கேட்டது. ஆனால் ஊசிமலையில் தினமும் காலையில் யாராவது ஒருவர் அப்படித்தான் கத்துவார். தலை சீவ நேரமானவர், சாப்பாட்டுப் பார்சலை மறந்தவர், எல்லோருக்கும் அதே கூப்பாடு. அதற்கெல்லாம் நின்றால் பஸ் மத்தியானம்தான் இறங்கும். அன்று ஏற்கெனவே கால் மணி நேரம் பிந்தியிருந்தார். கண்டக்டர் மணியடித்தார். கூரை அசைவதை நான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு நடந்தது ஒரு நிமிஷம்கூட இருக்காது.

முதல் வளைவுக்கு முன்னால் ரோடு கொஞ்சம் சமமாக வரும். அந்த இடத்தில் தேயிலைக்குள்ளிருந்து ஜீவராணி ரோட்டில் ஏறினாள், நடுவில் நின்று இரண்டு கையையும் தூக்கினாள். பஸ் இரண்டாவது கியரில் வந்துகொண்டிருந்தது. சிவசாமி முழு பலத்தோடு மிதித்தார். பட்டென்று ஒரு சத்தம், பிறகு சீற்றம். அந்தச் சீற்றம் மலைக்குக் கீழே எனக்குக் கேட்டிருக்காது என்று மற்றவர்கள் சொல்கிறார்கள், எனக்குக் கேட்டது. பஸ் நிற்கவில்லை. வேகம் குறைந்தது, ஆனால் வந்துகொண்டே இருந்தது. அவள் தேயிலைக்குள் பாய்ந்தாள். சிவசாமி ஹேன்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஸ்டியரிங்கை மலைப்பக்கம் ஒடித்தார். இடது சக்கரம் கானுக்குள் இறங்கியது, பக்கவாட்டுத் தகரம் மண் மதிலில் உரசிக்கொண்டு போய், நின்றது.

பதினொரு வளைவில் ஒன்றுக்குக்கூட அது வரவில்லை.

நான் மேலே போய்ச் சேர அரை மணி நேரமானது. பிள்ளைகள் ரோட்டோரத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். ஒரு அம்மாவுக்கு உதடு வெடித்திருந்தது, இரண்டு பேருக்குத் தலையில் வீக்கம். வேறு ஒன்றுமில்லை. மொத்தம் அறுபத்திரண்டு பேர். அதில் பாதிப்பேர் ஜீவராணியைச் சுற்றி நின்று திட்டிக்கொண்டிருந்தார்கள். பைத்தியமா உனக்கு, ரோட்டில் வந்து நின்றால் பஸ் என்ன செய்யும், பிள்ளைகளைக் கொல்லப் பார்த்தாயே என்று. ஒருவர் கையை ஓங்கிவிட்டார். அவள் முழங்காலிலிருந்து ரத்தம் வழிந்து பாதத்தில் காய்ந்திருந்தது.

சிவசாமி பஸ்ஸுக்கடியில் படுத்து இடது சக்கரத்தைப் பார்த்தார். எழுந்து வந்தார். முதல் வளைவு வரை நடந்து போய், விளிம்பில் நின்று கீழே பார்த்தார். பாலம் அங்கிருந்து நன்றாகத் தெரியும். திரும்பி வந்து கூட்டத்தை விலக்கினார்.

"ஒனக்கு எத்தன மணிக்குத் தெரியும்?"

"ஆறரைக்குண்ணே."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாமலில்லை. ஏழு மணி என்று சொல்லியிருக்கலாம், யாருக்குத் தெரியும்? எனக்கும் ஆறு ஐம்பதுக்குத் தெரியும் என்று நான் சொன்னேன். சிவசாமி எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். பிறகு போய், அழுதுகொண்டிருந்த பிள்ளைகளுக்குத் தன் போத்தல் தண்ணியைக் கொடுத்தார்.

நாலாவது நாள் விசாரணை. மேலிடத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். அதற்கு முதல் நாள் செல்லசாமி ஒரு கடிதம் எழுதிக்கொண்டு ஸ்டோருக்கு வந்தார். சிங்களத்தில் அழகாக எழுதியிருந்தார். ரப்பர் நல்ல நிலையில் இருந்தது, ஜீவராணி ஏதோ பயத்தில் ரோட்டில் வந்து நின்றாள், திடீரென்று பலமாக மிதித்ததால் ரப்பர் கிழிந்தது. அதில் அவள் கையெழுத்துப் போட்டால் அவளுக்கு ஒரு எச்சரிக்கை, அவ்வளவுதான். ரொஷானுக்கு ஒன்றுமில்லை. நவம்பர் கடிதம் வரும். எனக்கும் அது வசதி. நானும் அங்கே நின்றேன்.

ஜீவராணி கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். சிங்களம் அவளுக்கு என்னைவிட நன்றாக வரும்.

"இன்னும் மூணு பஸ்ல பழைய ரப்பர்தானுங்களே ஓடுது," என்றாள். "இது நல்ல ரப்பருன்னு நா எழுதிக் குடுத்தா, அதுங்களும் நல்லதுன்னு ஆயிடும்."

செல்லசாமி உட்கார்ந்துவிட்டார். பிறகு அவர் சொன்னது எனக்கு இன்றும் காதில் இருக்கிறது.

"அந்த மூணையும் நிப்பாட்டினா சனம் நடந்துதான் போவணும் ஜீவா. மழையில புள்ளைங்க நடக்கும். ஒன்னத்தான் திட்டும்."

அவள் கடிதத்தை மடித்து அவர் கையில் கொடுத்தாள். விசாரணையில் கழுவியது, துணியில் வைத்தது, பத்து நிமிஷம் வாயை மூடிக்கொண்டிருந்தது, எல்லாவற்றையும் சொன்னாள். ஸ்டோரில் இருந்து மூன்று பஸ்ஸுக்குப் போன ரப்பர்களின் திகதியையும் சொன்னாள். அவ்வளவும் மனப்பாடம் அவளுக்கு. மேலிடத்து ஆட்கள் எழுத எழுத, ரொஷான் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். அவனை ஒரு மாதம் வேலையிலிருந்து நிறுத்தினார்கள். செல்லசாமியை வேறு டிப்போவுக்கு மாற்றினார்கள். எனக்கு ஒரு கண்டிப்புக் கடிதம். தற்காலிக ஆளை நிறுத்துவதற்குக் கடிதம்கூடத் தேவையில்லை. ஜீவராணியிடம் நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு மேசையைக் குத்தினேன். அவள் ஸ்டோர்த் துடைப்பத்தை மூலையில் சாத்திவிட்டுப் போனாள்.

புது ரப்பர் வரும்வரை அந்த மூன்று பஸ்ஸும் யார்டில் நின்றன. எண்பத்துநாலும் நின்றது. ஊசிமலைக்குப் பஸ்ஸே இல்லை.

டவுன் அறையை விட்டுவிட்டு ஜீவராணி ஷாமிலாவோடு மேல் டிவிசனுக்கே போய்விட்டாள். பஸ் கழுவும்போது அவள் போடுகிற கம்பூட்ஸும் பிளாஸ்டிக் கோப்பையும் ஸ்டோரில் கிடந்தன. இரண்டு வாரம் கழித்து அவற்றைக் கொடுக்கலாம் என்று ஒரு நாள் விடியற்காலையில் அவ்வழியே போன லொறியில் ஏறிப் போனேன். திரும்பி இறங்க ஒரு வண்டியும் இல்லை. பாடசாலைப் பிள்ளைகளும் டவுனுக்கு வேலைக்குப் போகிறவர்களும் கூட்டமாக நடக்க ஆரம்பித்தார்கள். ஜீவராணி மகளைப் பாடசாலையில் விடவும், டவுனில் வேறு வேலை கேட்கவும் வந்தாள். நானும் சேர்ந்துகொண்டேன்.

தூறல். எனக்குப் பக்கத்தில் நடந்த ஒரு அம்மா முதல் வளைவிலிருந்தே பஸ்காரர்களைத் திட்டிக்கொண்டு வந்தார். உதட்டில் காய்ந்த தழும்பு. யாரோ ஒருத்தி காட்டிக்கொடுத்து பஸ்ஸை நிறுத்திவிட்டாளாம், அவள் விளங்கவே மாட்டாள் என்று ஏசினார். அவர் அன்று பார்த்தது சேறும் ரத்தமுமாக நின்ற ஒருத்தியை. சீலையைச் சரியாகக் கட்டி, குடை பிடித்துக்கொண்டு நடந்த ஜீவராணியை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. நான் வாயைத் திறந்தேன். ஜீவராணி என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

அந்த அம்மா அவளையே கேட்டார்.

"பஸ்ஸு எப்பதாங்க வரும்? ஒங்களுக்குத் தெரியுமா?"

"பிரேக்க செஞ்சிக்கிட்டு இருக்காங்கம்மா. செஞ்சதும் வரும்."

பதினொரு வளைவும் நடந்தோம். சின்னப் பிள்ளைகள் கால் வலிக்கிறது என்று அழுதன, பெரிய பிள்ளைகள் அவர்களின் புத்தகப் பைகளைத் தூக்கிக்கொண்டார்கள். ஜீவராணி குடையை அந்த அம்மாவுக்கும் சேர்த்துப் பிடித்தாள். பாலத்துக்கு வந்ததும் நின்று, இறங்கி வருகிறவர்களை ஒவ்வொருவராக எண்ணினாள். நடந்து வந்தவர்கள் அறுபத்தைந்து பேர். எல்லோரும் கீழே வந்து சேர்ந்தார்கள்.